மதுரையிலிருந்து ஊட்டி மலை ரயில்: பல்சக்கரத்தில் ஏறிப் போக முழுமையான வழிகாட்டி

மதுரைக்காரர்களுக்கு மலை என்றால் கொடைக்கானல்தான். ரயிலில் போகலாமே என்று பார்த்தால் 'கொடைக்கானல் ரோடு' என்று அம்மையநாயக்கனூரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பெயரை நம்பி இறங்கினால் மலைக்கு இன்னும் 80 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்து மலை ஏற வேண்டுமானால் நமக்கு வழி ஒன்றுதான்: மேட்டுப்பாளையம் போய் நீலகிரி மலை ரயிலைப் பிடிக்க வேண்டும். பல்சக்கரத்தில் ஏறும் ரயில் இந்தியாவில் அது ஒன்றுதான்.

நான் இரண்டு முறை கிளம்பி, இரண்டாவது முறைதான் உருப்படியாகப் போய்ச் சேர்ந்தேன். முதல் முறை செய்த தப்புகளை வரிசையாகச் சொன்னால் அதுவே பாதி வழிகாட்டி ஆகிவிடும்.

முதலில் ஒரு விஷயம். "ஊட்டி ரயிலில் போனோம்" என்று சொல்பவர்களில் நிறைய பேர் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் போய்விட்டு வந்தவர்கள். அந்தத் துண்டு அழகுதான், தப்பில்லை. ஆனால் பல்சக்கரம் கவ்வி ஏறுவதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே போடும் பல் வெட்டிய எஃகுச் சட்டம், அதாவது பல்சட்டம், அங்கே கிடையாது; டீசல் இன்ஜின், சாதாரண தண்டவாளம். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஏறுவது கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான சுமார் 20 கிலோமீட்டரில் மட்டும். அதில் உட்கார வேண்டுமானால் காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் இருக்க வேண்டும், கையில் உறுதியான டிக்கெட் இருக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

எந்த மாதம்?

முதல் முறை நாங்கள் கிளம்பியது நவம்பரில். அப்போது எனக்கு விவரம் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் கிழக்குச் சரிவில் அடித்துப் பெய்யும். இந்தப் பாதையும் அதே சரிவில்தான் ஏறுகிறது. மண் சரியும், பாறை உருளும், மரம் விழும். மேட்டுப்பாளையம்–குன்னூர் போக்குவரத்தை ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் வாரக்கணக்கில்கூட நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு ரத்துச் செய்தி போனில் வந்தபோது கோயம்புத்தூரில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பணம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் எடுத்த லீவு?

அதனால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை திட்டமே போடாதீர்கள். ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் பாதை நன்றாக இருக்கும், கூட்டம் கழுத்தை நெரிக்கும். மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை போகலாம். பொங்கல் கூட்டம் வடிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், குளிர் மட்டும் கொஞ்சம் கடிக்கும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மழையும் மூடுபனியும் இருந்தாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் மலை பச்சைப் பசேலென்று இருக்கும், கூட்டமும் குறைவு.

டிக்கெட்

ஐ.ஆர்.சி.டி.சி.யில் மற்ற ரயில்களுக்குப் போடுவது போலத்தான். மேலே போகும் வண்டியின் எண் 56136, இறங்கும் வண்டி 56137. மேட்டுப்பாளையத்தின் குறியீடு எம்.டி.பி. (MTP), குன்னூருக்கு ஓ.என்.ஆர்., உதகமண்டலத்துக்கு யூ.ஏ.எம். 'ஊட்டி' என்று தட்டித் தேடி ஒன்றும் வரவில்லையே என்று குழம்பாதீர்கள். ரயில்வேக்கு அது உதகமண்டலம்தான்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். சனி, ஞாயிறு என்றால் அன்றைக்கே, அந்த நிமிடமே உட்காருங்கள். மேலே போவது ஒரே ஒரு வழக்கமான வண்டி, அதிலும் சில பெட்டிகள்தான். கோடை விடுமுறையில் சிறப்பு ரயில்களும் விடுவார்கள். அதன் அறிவிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், அவ்வப்போது தேடிப் பாருங்கள். வார நாள் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம்.

வெயிட்டிங் லிஸ்ட் விஷயத்தில் ஏமாற வேண்டாம். எங்கள் இரண்டாவது பயணத்துக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவரிடம் சொல்லி வைத்தோம். "எல்லாம் கன்ஃபர்ம் ஆயிரும்ண்ணே" என்றார். நல்ல வேளையாக நானே எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நான்கு பேரும் வெயிட்டிங்கில் இருந்தோம். இணையத்தில் எடுத்த டிக்கெட், சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டி ஏற முடியாது. தேதியை ஒரு புதன்கிழமைக்கு மாற்றினோம், இடம் கிடைத்தது.

முன்பதிவில்லாத இருக்கைகளுக்காக மேட்டுப்பாளையத்தில் விடியும் முன்பே வரிசை நிற்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அது சரி. 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து அந்த வரிசையை நம்பி நிற்பது சூதாட்டம்.

முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா? முதல் வகுப்பில் மெத்தை கொஞ்சம் தாராளம், நெரிசல் குறைவு. ஜன்னலுக்கு வெளியே தெரிவது இரண்டிலும் ஒன்றுதான். முதல் வகுப்பு காசை நான் வேறு செலவுக்கு வைத்துக்கொள்வேன். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் யோசியுங்கள். ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், பெட்டிக்குப் பெட்டி நடந்து போக வழி கிடையாது.

மதுரையிலிருந்து மேட்டுப்பாளையம்

காலை 7.10 என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். முந்தின நாள் இரவே மேட்டுப்பாளையத்தில் தங்குவதுதான் நிம்மதி.

பஸ் என்றால் ஆரப்பாளையம் பேருந்து நிலையம் போக வேண்டும், மாட்டுத்தாவணி இல்லை. கோவை பஸ் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாகப் போய் சிங்காநல்லூரில் இறக்கிவிடும். ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகும். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரமோ ரயில் நிலையமோ போய் மேட்டுப்பாளையத்துக்கு மாற வேண்டும். பெட்டி படுக்கையோடு இந்த மாற்றம் சற்று எரிச்சல்.

ரயில் எனக்குப் பிடித்த வழி. காலையில் மதுரையில் கிளம்பி, பழனி, பொள்ளாச்சி வழியாக மதியம் கோவை சேரும் வண்டி இருக்கிறது. ஒரு பக்கம் பழனி மலை தெரியும். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோவை ஜங்ஷனிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பயணிகள் ரயில்கள் நாள் முழுக்க ஓடுகின்றன, முக்கால் மணி நேரம் போதும். மாலைக்குள் அறைக்குப் போய்விடலாம்.

2024 ஜூலையிலிருந்து தூத்துக்குடி–மேட்டுப்பாளையம் ரயில் ஒன்று வாரம் இரண்டு முறை மதுரை வழியாக ஓடுகிறது. இரவில் ஏறிப் படுத்தால் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம். கேட்க வாட்டமாக இருக்கிறதல்லவா? நானும் அப்படித்தான் துள்ளினேன். கால அட்டவணையைப் பார்த்தால் அது வந்து சேரும் முன்பே மலை ரயில் கிளம்பிவிடுகிறது. அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் போகும் நாளில் ஒரு முறை சரிபாருங்கள். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்குத்தான் மலை ரயிலோடு இணைப்பு பொருந்தி வரும். சென்னைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சொந்தக் காரில் ஊட்டி வரை போவதானால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. ரயிலிலோ அரசு பஸ்ஸிலோ போனால் தேவையில்லை. காரை மேட்டுப்பாளையம் லாட்ஜில் நிறுத்திவிட்டு ரயிலேறுவதும் நல்ல யோசனைதான், நிறுத்த விடுவார்களா என்று அறை எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டை

பெட்டிகளில் சாமான் வைக்க இடம் குறைவு. சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் வேண்டாம். மடியிலோ காலடியிலோ அடங்குகிற பை போதும்.

மதுரையில் 38 டிகிரியில் நின்றுகொண்டு ஸ்வெட்டரைப் பார்த்தால் சிரிப்பாகத்தான் வரும். எடுத்து வையுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில், ஊட்டி 2,203 மீட்டரில். கிட்டத்தட்ட 12 டிகிரி வித்தியாசம், அதுவும் ஒரே காலைப் பொழுதில். ஸ்வெட்டரை அடியில் திணிக்காமல் பைக்கு மேலேயே வையுங்கள். குன்னூர் வரும் முன்பே கை அதைத் தேடும். வயதானவர்களுக்குக் காதுக்கு ஒரு மஃப்ளர்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பாலித்தீன் பை எதுவும் வேண்டாம். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, பிடித்தால் அபராதம். எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு மாதிரி வராது. புளியோதரையை வாழை இலையில் வைத்துத் தினத்தாளில் பொட்டலம் கட்டினால் மதியம் வரை தாங்கும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒரு பொட்டலம் குரங்குக்குப் போனது, அது தனிக் கதை.

பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலேயே வேலையை முடித்துக்கொண்டு ஏறுங்கள். அடுத்து நிம்மதியாகப் போக முடிவது குன்னூரில்தான். காலைக் காபியை ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூட வந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வண்டியில் ஏறிய பிறகு சொல்வது பாவம்.

காலை 6 மணி, மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்

ஆறு மணிக்கே போய்விடுங்கள். இன்ஜினைப் பக்கத்தில் நின்று பார்க்க அதுதான் நேரம். ஸ்டேஷனிலேயே மலை ரயிலுக்கு ஒரு சின்ன அருங்காட்சியகமும் உண்டு.

தண்டவாளத்தைப் பாருங்கள். மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே சரியாக ஆயிரம் மில்லிமீட்டர். பக்கத்து பிளாட்பாரத்துச் சென்னை வண்டியோடு ஒப்பிட்டால் பொம்மை மாதிரி இருக்கும். மதுரையில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த அளவு பழக்கமானதுதான். மதுரை–போடி வண்டி 2010 கடைசி வரை இந்த மீட்டர் கேஜில்தான் ஓடியது. அப்புறம் அகலப்பாதையாக மாற்றிப் போடி வரை வண்டி திரும்ப ஓட 2023 ஜூன் ஆகிவிட்டது. அம்மா போடியில் பிறந்தவர். பெட்டிக்குள் கால் வைத்ததும், "இது நம்ம போடி வண்டில்ல" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை.

இப்போது இன்ஜின். முன்னால் தேடாதீர்கள், அது பின்னால் நிற்கும். மலை ஏறும்போது இன்ஜின் பெட்டிகளை இழுப்பதில்லை, கீழிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. நடுவில் எந்த இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டி உருண்டு கீழே ஓடிவிடாமல் இன்ஜினே முட்டுக் கொடுத்து நிற்கும். "ஏம்ப்பா, வழி பார்க்கிறது யாரு அப்போ?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் பிரேக்மேன் ஒருவர் நிற்பார். முதல் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அது பெட்டிக்குப் பெட்டி கைமாறிக் கடைசியில் இருக்கும் டிரைவருக்குப் போகும். அவரவர் பெட்டிக்கு அவரவர் கையால் பிரேக் பிடிப்பதும் இவர்கள் வேலைதான்.

இந்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் முதலில் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் என்ற ஊரில் செய்யப்பட்டவை. அதே அச்சில் புதிய இன்ஜின்களை நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்துவிட்டார்கள். பல இன்ஜின்களில் இப்போது நிலக்கரிக்குப் பதில் எண்ணெய்தான் எரிகிறது. கரித்தூள் கண்ணில் விழும் என்று பயந்து எங்கள் சித்தி வாங்கி வந்த கறுப்புக் கண்ணாடிக்கு வேலை இல்லாமல் போனது.

எந்தப் பக்கம் உட்கார்வது என்று எல்லோரும் கேட்பார்கள். பாதையில் 208 வளைவுகள், பள்ளத்தாக்கு பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட்டில் கிடைத்த இடத்தில் உட்காருங்கள், எதிர்ப்பக்கத்துக்காரரோடு கொஞ்சம் சிரித்துப் பேசி வையுங்கள். நடுவழியில் ஜன்னலை மாற்றிக்கொள்ளலாம்.

கல்லாறு முதல் குன்னூர் வரை

முதல் எட்டு கிலோமீட்டர் சமதரைதான். பவானி ஆற்றைக் கடந்ததும் பாக்குத் தோப்புகள் தொடங்கும். தோப்புக்குப் பின்னால் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும், 'இதில் எங்கே ஏறப் போகிறது?' என்று தோன்றும்.

கல்லாறில் வண்டி நின்று கிளம்பும்போது தண்டவாளத்தின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். இரண்டு எஃகுச் சட்டங்கள் பக்கம் பக்கமாக, மேல் விளிம்பில் பல் வெட்டப்பட்டு, தண்டவாளங்களுக்கு நடுவே போகும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரங்கள் இந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு உருளும். ஒரு பல் விடும் நேரத்தில் அடுத்த சட்டத்தின் பல் பிடித்திருக்கும், பிடி எப்போதும் அறுவதில்லை. நம் தெருமுனைக் கரும்புச்சாறு மெஷினின் பல்சக்கரங்களில் ஒன்றை நீட்டிப் படுக்க வைத்து, மற்றதை அதன் மேல் உருட்டிவிட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் கண்டுபிடிப்பு என்பதால் இதை ஆப்ட் முறை என்பார்கள்.

பழனியில் விஞ்ச்சில் போயிருப்பவர்கள் அதையும் இதையும் ஒன்றாக நினைத்துக்கொள்வார்கள். அங்கே மேலே இருக்கும் மோட்டார் கம்பி வடத்தைச் சுற்ற, பெட்டி இழுபட்டுப் போகிறது. நாம் உட்கார்ந்திருக்கும் பெட்டியில் இன்ஜினே கிடையாது. ஊட்டி வண்டியை மேலிருந்து யாரும் இழுப்பதில்லை. தன் காலில் தானே ஏறுகிறது.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? சாதாரண ரயில் பாதையில் நூறு அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்றாலே இன்ஜின் முனகும். வழவழப்பான சக்கரம், வழவழப்பான தண்டவாளம், வழுக்கத்தானே செய்யும்? இங்கே அதிகபட்ச ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி. பல் இல்லாமல் நடக்காது. இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள்: இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரங்களுக்கு. சமதரையில் முதல் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல்சட்டத்தில் ஏறியதும், முதல் இரண்டில் வேலை முடித்த நீராவியை வெளியே விடாமல் மற்ற இரண்டுக்குத் திருப்பிவிடுவார்கள். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை, சிக்கனமான குடும்பம்தான்.

பல் பிடித்ததும் சத்தம் மாறும். அதுவரை இருந்த தடதடப்பு போய், அடியிலிருந்து கரகரவென்று ஓர் அரைப்பு வரும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கே அது தெரியும். வேகம் 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. சைக்கிள்காரர் முந்திவிடுவார், ஆனால் இந்த மேட்டில் அவரும் இறங்கித் தள்ள வேண்டும்.

அப்புறம் பாலம், குகை, பாலம், குகை. 46 கிலோமீட்டருக்குள் 16 குகைகள், சுமார் 250 பாலங்கள். ஒவ்வொரு குகைக்குள்ளும் பிள்ளைகள் 'ஓ' என்று கத்துவார்கள். முதல் மூன்று குகைக்கு நன்றாக இருக்கும். பாலங்களில் ஜன்னல் வழியே கீழே பார்த்தால் தரை தெரியாது, மர உச்சிதான் தெரியும். தலையை, கையை, முக்கியமாகப் போன் பிடித்த கையை வெளியே நீட்டாதீர்கள். குகைச் சுவர் பெட்டியை ஒட்டித்தான் வரும்.

நடுவில் ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நிறுத்தங்கள் வரும். இன்ஜின் தண்ணீர் குடிக்கத்தான் நிற்கிறது. ஹில்குரோவில் கொஞ்ச நேரம் கிடைக்கும், இறங்கிக் காலை நீட்டலாம். ஆனால் குரங்குகள் உங்கள் வண்டியின் நேரத்தை உங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. சித்தி ஜன்னலோரம் வைத்த புளியோதரை எப்போது போனது என்றே யாருக்கும் தெரியவில்லை. மேலே பார்த்தால் ஸ்டேஷன் கூரையில் உட்கார்ந்து இலையை விரித்துக்கொண்டிருந்தது. உணவைப் பைக்குள் வைத்து ஜிப் போடுங்கள். விசில் கேட்டதும் ஓடி வந்து ஏறிக்கொள்ளுங்கள்.

மலையின் உடை மாறுவதைப் பார்ப்பதற்காகத்தான் நான் ஜன்னலை விடவில்லை. கீழே பாக்கும் வாழையும், அதற்கு மேல் மூங்கிலும் அடர்ந்த காடும், ரன்னிமேடு தாண்டினால் தேயிலைச் சரிவுகள். காது ஒரு முறை அடைத்துத் திறக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். யானை நடமாட்டம் உள்ள காடு இது. எங்களுக்குக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

இந்தப் பாதை வேண்டும் என்று முதலில் கேட்டது 1854-ல். வேலை தொடங்கியது 1891-ல். குன்னூர் வரை வண்டி ஓடியது 1899 ஜூன் 15 அன்று. ஊட்டி வரை போய்ச் சேர 1908 ஆகிவிட்டது. யுனெஸ்கோ 2005-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தத் தேதிகளைக் குகைக்குகை நடுவே பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். குரங்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குன்னூர் முதல் ஊட்டி வரை

பத்தரை மணிவாக்கில் குன்னூர், 1,712 மீட்டர். இங்கே நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் கழிப்பறை, டீ, வடை மூன்றும் முடிய வேண்டும். ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீராவி இன்ஜினை அருகில் நின்று படம் எடுக்கவும் இதுதான் கடைசி வாய்ப்பு.

இதற்குப் பிறகு வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று மேட்டு நிலத்தில் போகும் பயணம். கேத்தியில் பள்ளத்தாக்கு அகலமாகத் திறக்கும். காரட், முட்டைக்கோஸ் பாத்திகள், யூகலிப்டஸ் வாசனை. முதல் முறை மழையால் நாங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் குன்னூர் வந்து இந்தத் துண்டில் மட்டும்தான் போனோம். அன்றைக்கு அம்மா தண்டவாளத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்து, "பல்லு எங்கப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து படித்துத்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

ஒருவேளை உங்களுக்கும் கீழ்ப்பாதை ரத்தானால் இதுவே மாற்று வழி. குன்னூர்–ஊட்டிக்கு நாளில் பல முறை வண்டி உண்டு, கீழ்ப்பாதை அடைத்தாலும் பெரும்பாலும் இது ஓடும்.

ஊட்டியில் இறங்கும்போது பகல் 12 மணி இருக்கும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு.

உச்சிக்கு

அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் 1869-லிருந்து பல்சக்கர ரயில் சிகரத்திலேயே இறக்கிவிடுகிறது. அங்கேயே பைக்ஸ் பீக்கில் 4,300 மீட்டர் உயரம் வரை கொண்டு போகிறார்கள். நம் வண்டி ஊருக்குள் இறக்கிவிடும், உச்சி நம் பாடு.

ஊட்டியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் தொட்டபெட்டா. 'பெரிய மலை' என்பதுதான் பெயரின் பொருள். 2,637 மீட்டர், தமிழ்நாட்டின் உயரமான சிகரம். பஸ்ஸிலோ டாக்ஸியிலோ உச்சிக்குப் பக்கம் வரை போகலாம். வந்த அன்றே ஓட வேண்டாம், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் தொலைநோக்கி மையத்தில் நின்றும் வெள்ளைத் துணியைத்தான் பார்ப்பீர்கள். இரவு ஊட்டியில் தங்கி, மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் போங்கள். நாங்கள் போன காலையில் கீழே மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி வரை தெரிந்தது. முந்தின நாள் ஏறி வந்த வழி எது என்று பிள்ளைகள் விரலால் தேடினார்கள்.

இறக்கம்

இறங்கும் ரயில் பகல் 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பி 5.35-க்கு மேட்டுப்பாளையம் சேரும். ஏறிய அன்றே இதைப் பிடித்து இறங்கினால் ஊட்டியில் உங்களுக்கு இரண்டு மணி நேரம்தான், சாப்பிடவே சரியாக இருக்கும். ஒரு வழி ரயில் போதும் என்பது என் கருத்து. ஏறும்போது கேட்கிற அந்த அரைப்புச் சத்தமும் நீராவியின் மூச்சும் இறங்கும்போது கிடைப்பதில்லை. வண்டி பிரேக்கின் பிடியிலேயே இறங்கும். ஆனால் ஏறும் வண்டியில் இடம் கிடைக்கவே இல்லையென்றால் இறங்கும் வண்டியில் முயலுங்கள். அதே பல், அதே குகைகள், மாலை வெயிலில்.

நாங்கள் பஸ்ஸில் இறங்கினோம். ஊட்டியிலிருந்து மதுரைக்கு நேரடிப் பஸ்ஸும் உண்டு, கிடைக்காவிட்டால் கோவை போய் மாறிக்கொள்ளலாம். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கை கேட்டு வாங்குங்கள், ஓர் எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஆரப்பாளையத்தில் இறங்கியபோது இரவு பத்தரை, வெக்கை அப்படியே முகத்தில் அடித்தது.